கணக்குக் குறிப்புகளை எந்த வடிவில் வைப்பது: படமா, வேர்டா, லாடெக்கா, மேத்எம்எல்லா?

தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளிதான். இரண்டரை என்றால் 2,5. நாடு 1970களில் மெட்ரிக் அளவைகளுக்கு மாறியபோது நிலைபெற்ற வழக்கம் இது. காற்புள்ளி இப்படித் தசமத்துக்குப் போய்விட்டதால், வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குறிக்கும்போது நடுவில் அரைப்புள்ளி போடுகிறோம்: (2; 5). சென்னையில் படித்தவர் (2,5) என்பதைப் பார்த்தால் அது ஆயத்தொலைவு என்பார். டர்பன் பிள்ளைக்கோ அது அடைப்புக்குள் இருக்கும் இரண்டரை. கணினி அதை என்னவென்று எடுத்துக்கொள்ளும்? நாம் அதை எந்த வடிவில் எழுதிச் சேமித்தோம் என்பதைப் பொறுத்தது.

டர்பனின் சாட்ஸ்வர்த் பக்கம் வார இறுதியில் மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் சிலர் சேர்ந்து, இதுவரை சிதறிக் கிடந்த குறிப்புகளை ஒரே இடத்தில் தொகுக்கிறோம். பாடம் ஆங்கிலத்தில், விளக்கம் ஆங்கிலத்திலும் தமிழிலும். தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் குடிவந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் விளக்கம் உதவுகிறது. பள்ளியில் இரண்டாவது கூடுதல் மொழியாகத் தமிழ் எடுத்த பிள்ளைகளும் ஆர்வமாகப் படிக்கிறார்கள். எழுதுபவர்களில் சிலர் இங்கே, சிலர் சென்னையில். படிப்பவர்களில் பெரும்பாலோர் கையில் ஆண்ட்ராய்டு போன், அதுவும் எண்ணி எண்ணிச் செலவழிக்கும் டேட்டா. ஒரு மாணவிக்குப் பார்வை இல்லை. மடிக்கணினியில் என்விடிஏ என்ற திரை வாசிப்பானை வைத்துப் படிக்கிறாள். எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இவர்கள் எல்லோரையும் அது தாங்க வேண்டும். அதோடு, தேடினால் கிடைக்க வேண்டும், பயிற்சி வினாக்களின் விடையைக் கணினியே சரிபார்க்கவும் முடிய வேண்டும்.

படமும் வெறும் எழுத்தும்

இப்போது எங்களிடம் இருப்பதில் பெரும்பகுதி படங்கள். வெள்ளைப்பலகையில் எழுதுவது, போனில் படம் எடுப்பது, வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது. இதைவிட வேகமான வழி கிடையாது, வகுப்பு முடிந்த அன்றே பிள்ளைகள் கைக்குப் போய்விடுகிறது. அந்த வேலைக்குப் படம் போதும். சேமித்து வைக்கும் வடிவமாகத்தான் அது உதவாது.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் நம்மில் பலரிடம் இன்னும் இருக்கும். அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழ் அழகாகத் தெரியும். எழுத்துருவை மாற்றினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறிவிடும். கூகுளில் தேடினால் வராது. கண்ணுக்குத் தமிழாக இருந்தது கணினிக்குத் தமிழாக இல்லை. யூனிகோடு வந்து அந்தத் தலைவலி தீர்ந்தது. கணக்கு விஷயத்தில் நாம் இன்னும் பாமினி காலத்தில்தான் இருக்கிறோம் என்பது என் எண்ணம்.

படத்துக்கு மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொற்களில் சொல்லும் குறிப்பு) எழுதலாமே என்று கேட்பார்கள். எழுதலாம், ஒரு சின்னப் பின்னத்துக்கு அது போதும். இருபடிச் சமன்பாட்டின் தீர்வுச் சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கூட்டல் கழித்தல் குறி, அதன் பக்கத்தில் வர்க்கமூலம், அதற்குள் ஒரு வர்க்கமும் ஒரு பெருக்கலும், எல்லாவற்றுக்கும் கீழே பின்னத்தின் பகுதி (கீழெண்). இதை ஒரே நீளமான வாக்கியமாக எழுதி வைத்தால் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்க வேண்டும். நடுவில் ஒன்று தப்பினால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. பார்க்கிறவர்கள் சூத்திரத்தை அப்படிப் படிப்பதில்லை. கண் பகுதிக்கு ஓடும், திரும்ப மேலே வரும், வர்க்கமூலத்துக்குள் எது வரை இருக்கிறது என்று ஒரு முறை பார்க்கும். அந்த வசதி காதால் படிப்பவருக்கும் வேண்டும்.

வாட்ஸ்ஆப் செய்தியில் ½, ², √ போன்ற யூனிகோடு குறிகளை நேரடியாகப் போடுவது இன்னொரு வழி. ஒற்றை வரிக் கணக்குக்கு நல்லது. ஆனால் √3+1 என்று எழுதினால் அந்த 1 மூலத்துக்குள்ளா வெளியிலா என்று யாராலும் சொல்ல முடியாது. உரையாடலுக்கு வைத்துக்கொள்ளலாம், பாடத்துக்கு வேண்டாம்.

வேர்ட்

ஆசிரியர்களுக்குப் பிடித்தது வேர்டுதான். 2007 பதிப்பிலிருந்து அதில் உள்ள சமன்பாட்டுத் தொகுப்பான் உண்மையில் நல்ல கருவி. உள்ளே பின்னத்தைப் பின்னமாகவும் அடுக்கை அடுக்காகவும்தான் சேமிக்கிறது, திரை வாசிப்பானுக்கும் எட்டுகிறது. புதிய பதிப்புகளில், கட்டளைகளால் கணக்கை எழுதும் லாடெக் (அடுத்து வருகிறது) மாதிரியே தட்டச்சு செய்யவும் முடியும். லாடெக் கற்க நேரமில்லாத ஓர் ஆசிரியை வேர்டில் எழுதித் தந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வோம்.

ஆனாலும் மூலக் கோப்பை வேர்டில் வைக்கக் கூடாது என்று நான் வாதாடினேன். 2007-க்கு முன்பு வேர்டில் சமன்பாடு போட ஈக்வேஷன் எடிட்டர் 3.0 என்ற தனிக் கருவி இருந்தது. அதில் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டதால் 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதை அடியோடு நீக்கியது. பழைய கோப்புகளில் சூத்திரம் கண்ணுக்குத் தெரியும், சொடுக்கினால் திருத்த முடியாது. ஓட்டையை அடைத்தது சரிதான். ஒரு தலைமுறை ஆசிரியர்கள் எழுதிய கணக்கு ஒரே புதுப்பிப்பில் திருத்த முடியாததாகிப் போனதும் உண்மைதான். மூலம் வெறும் எழுத்துக் கோப்பாக இருந்தால் இந்தக் கதி வராது. சென்னையில் ஒருவரும் இங்கே ஒருவரும் ஒரே பாடத்தைத் திருத்தும்போது எந்த வரி மாறியது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதும் எழுத்துக் கோப்பில் எளிது.

லாடெக்: எழுதும் கைக்கு

டொனால்ட் குனுத் 1970களின் கடைசியில் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கினார். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியது லாடெக். பின்னம் வேண்டுமென்றால் ஒரு பின்சாய்கோடு, பிறகு ஃப்ராக் என்ற கட்டளை, பிறகு இரண்டு சிறகு அடைப்புகளுக்குள் தொகுதியும் பகுதியும். அவ்வளவுதான். சாதாரண விசைப்பலகை போதும். பல்கலைக்கழகத்தில் கணக்குப் படித்தவர்களில் பலருக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாதவர் ஒரு மாலையில் அடிப்படையைப் பிடித்துக்கொள்ளலாம். இந்த நாட்டில் சியாவுலா என்ற நிறுவனத்தின் இலவசக் கணக்குப் புத்தகங்களுக்கு முன்னோடியாக இருந்த இலவச உயர்நிலைப் பள்ளி நூல்களும் லாடெக்கில் எழுதப்பட்டவைதான்.

தமிழைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. லாடெக் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கும் பழைய நிரலான பிடிஎஃப்லாடெக்கில் தமிழ் போராட்டம். ஸீலாடெக் அல்லது லுவாலாடெக் எடுத்துக்கொண்டால் யூனிகோடு தமிழை நேராகத் தட்டலாம்.

லாடெக்கின் பெரிய குறை, அது தோற்றத்தைச் சொல்கிறதே தவிரப் பொருளைச் சொல்வதில்லை. குனுத் அதைச் செய்ததே பக்கம் அழகாக அச்சாக வேண்டும் என்பதற்காகத்தான். எங்கள் காற்புள்ளிக்கு என்ன ஆகிறது பாருங்கள். லாடெக்கின் கணித நிலையில் காற்புள்ளி என்பது பட்டியலைப் பிரிக்கும் குறி, அதனால் அதன் பின்னால் ஒரு சின்ன இடைவெளி தானாக விழும். 2,5 என்று தட்டினால் தாளில் 2, 5 என்று வரும், இரண்டும் ஐந்தும் தனித்தனி எண்கள் போல. காற்புள்ளியைச் சிறகு அடைப்புக்குள் போட்டால் இடைவெளி மறையும், தாளில் எல்லாம் சரி. ஆனால் இதே வரியை இணையப் பக்கத்தில் மேத்ஜாக்ஸ் என்ற நிரலிடம் கொடுத்தால், அதன் இயல்பான அமைப்பில் உள்ளே அது இரண்டு, காற்புள்ளி, ஐந்து என்று மூன்று துண்டாகவே போய்ச் சேருகிறது. கண்ணுக்கு இரண்டரை, விடை சரிபார்க்கும் நிரலுக்கு மூன்று துண்டு. எண் என்றால் எப்படி இருக்கும் என்று சொல்லும் விதியை மேத்ஜாக்ஸின் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம், ஒரே ஒரு வரி வேலை. ஆனால் பார்வைக்கு எந்தப் பிழையும் தெரியாததால், மாற்ற வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வராது. தென்னாப்பிரிக்கப் பாடம் எழுதும் எவரும் முதல் நாளே செய்ய வேண்டிய காரியம் இது.

காற்புள்ளியோடு முடியவில்லை. (2; 5) என்பது வரைபடத்தில் ஒரு புள்ளியாக இருக்கலாம், இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே உள்ள திறந்த இடைவெளியாகவும் இருக்கலாம். இங்கே இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். சைன் என்பதன் தோளில் 2 உட்கார்ந்தால் வர்க்கம், அதே இடத்தில் −1 உட்கார்ந்தால் நேர்மாறு. ஒரு எழுத்துக்குப் பின்னால் அடைப்புக்குறி வந்தால் அது பெருக்கலா சார்பா? வகுப்பில் சூழ்நிலை சொல்லிவிடும். கோப்பில் அந்தச் சூழ்நிலை இல்லை.

மேத்எம்எல்: வாசிக்கும் காதுக்கு

மேத்எம்எல் என்பது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998-இல் வெளியிட்ட தரம். எச்டிஎம்எல் எப்படித் தலைப்பு, பத்தி என்று குறிச்சொல் போடுகிறதோ, அப்படியே இது எண்ணுக்கு ஒன்று, மாறிக்கு ஒன்று, செயற்குறிக்கு ஒன்று, பின்னத்துக்கு ஒன்று என்று போடுகிறது. எண் என்ற குறிச்சொல்லுக்குள் 2,5 என்று வைத்தால் அது ஒரே எண், தீர்ந்தது கதை. அடைப்புக்கு முன் இருப்பது சார்பா பெருக்கலா என்பதற்கும் கண்ணுக்குத் தெரியாத யூனிகோடு குறிகள் உண்டு, சார்புக்கு ஒன்று, பெருக்கலுக்கு ஒன்று.

வெகுகாலம் இதைப் பரிந்துரைக்கத் தயங்கியதற்குக் காரணம் குரோம். 2013-இல் கொஞ்ச நாள் மேத்எம்எல் ஆதரவைத் தந்துவிட்டு எடுத்துவிட்டார்கள். ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் காட்டின, ஆனால் எங்கள் பிள்ளைகளின் போனில் இருப்பது குரோம். பிறகு இகாலியா என்ற நிறுவனத்தின் பொறியாளர்கள் பல வருடம் உழைத்து, 2023 ஜனவரியில் வந்த குரோம் 109-இல் அது திரும்பி வந்தது. அதற்குப் பிறகு நிலைமையே வேறு. சூத்திரத்தைக் காட்டத் தனி நிரல் எதையும் தரவிறக்க வேண்டியதில்லை, உலாவியே வரைந்துவிடும். டேட்டா எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம். கணித எழுத்துரு ஒன்றை மட்டும் பக்கத்தோடு அனுப்பிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் சில கருவிகளில் வர்க்கமூலக் குறி உள்ளே இருப்பதற்கு ஏற்றபடி நீளாமல் அசிங்கமாக நிற்கும்.

எங்கள் மாணவி படிக்கும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகு எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை. என்விடிஏவோடு மேத்கேட் என்ற துணைநிரல் சேர்ந்திருக்கிறது. நீல் சாய்ஃபர் உருவாக்கியது, இலவசம். சூத்திரம் வந்ததும் முழுதாக ஒரு முறை சொல்கிறது. பிறகு ஒரு விசைக்கூட்டு அழுத்தி அவள் சூத்திரத்துக்குள் நுழைகிறாள். கீழ் அம்பு அழுத்தினால் தொகுதிக்குள் போகிறாள், வலது அம்பு அழுத்தினால் அடுத்த உறுப்பு, மேல் அம்பு அழுத்தினால் வெளியே. வர்க்கமூலம் எங்கே முடிகிறது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிரெயில் காட்சிக்கருவி இருந்தால் அதே மேத்எம்எல், தென்னாப்பிரிக்கா ஏற்றுக்கொண்டுள்ள ஒருங்கிணைந்த ஆங்கிலப் பிரெயிலாகவும் விரலுக்கு வரும். ஒரு முறை ஒழுங்காகக் கொடுத்தால் பேச்சும் பிரெயிலும் திரையும் ஒரே இடத்திலிருந்து கிடைக்கின்றன. படத்திலிருந்து இதில் ஒன்றுகூட வராது.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். வேகம் = தூரம் ÷ நேரம் என்பது போலச் சூத்திரத்துக்குள்ளேயே தமிழ்ச் சொல் போட ஆசை வரும், திரையில் அழகாகவும் வரும். ஆனால் ஆங்கிலக் குரல் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் தமிழ் வந்தால் அது தடுமாறும். தமிழை வாக்கியத்தில் வைத்து, அந்தப் பத்திக்குத் தமிழ் என்று மொழிக் குறி போட்டு, சூத்திரத்தில் எழுத்தும் எண்ணும் மட்டும் வைப்பது நல்லது.

சரி, இவ்வளவு நல்லது என்றால் மேத்எம்எல்லிலேயே எழுதிவிடலாமே? கையால் எழுத முடியாது என்பதே பதில். அரை என்பதைப் போட மட்டும் கணக்குக் குறிச்சொல், அதற்குள் பின்னக் குறிச்சொல், அதற்குள் இரண்டு எண் குறிச்சொற்கள், ஒவ்வொன்றையும் திறந்து மூட வேண்டும். ஒரு பக்கப் பாடத்தில் கை ஓய்ந்துவிடும், அடுத்தவர் திறந்து பார்த்தால் என்ன எழுதியிருக்கிறோம் என்றே புரியாது. பொருளை முழுவதும் குறிக்கும் உள்ளடக்க மேத்எம்எல் என்ற வகையும் உண்டு, ஆனால் உலாவிகள் அதை வரைவதில்லை. மேத்எம்எல் 4-க்கான வரைவில் இன்டென்ட் என்று ஒரு பண்பு வருகிறது. தோற்றத்துக்கான குறிச்சொல்லிலேயே, இது புள்ளி, இது திறந்த இடைவெளி என்று பொருளையும் ஒட்டி வைக்க அது வழி செய்யும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது.

மாணவி பதில் எழுதும்போது

இதுவரை சொன்னதெல்லாம் நாங்கள் எழுதி அவர்கள் படிப்பது. பிள்ளைகளும் விடை எழுத வேண்டுமே. அங்கே லாடெக்கைத் திணிப்பது அநியாயம். இதற்கு எனக்குப் பிடித்தது ஆஸ்கிமேத். பீட்டர் ஜிப்சன் உருவாக்கியது. பின்னத்துக்கு ஒரு சாய்கோடு, வர்க்கமூலத்துக்கு ஸ்க்வர்ட் என்று எழுதி அடைப்புக்குறி, அடுக்குக்கு ஒரு கூரைக்குறி. கால்குலேட்டரில் தட்டிய பிள்ளைக்குப் பழகிய முறைதான். திரை வாசிப்பானிலும் எழுத்துக்கு எழுத்து சரியாகக் கேட்கும், பின்சாய்கோடும் சிறகு அடைப்புமாகக் காதை நிறைக்காது. இன்னொரு நல்ல குணம், தசமக் குறி புள்ளியா காற்புள்ளியா என்று தேர்ந்தெடுக்க அதிலேயே ஓர் அமைப்பு இருக்கிறது. காற்புள்ளியைத் தேர்ந்தெடுத்தால் பட்டியலில் காற்புள்ளிக்குப் பின் இடம் விட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. பாடம் முழுவதையும் இதில் எழுத வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், நீண்ட தீர்வுகளை வரி வரியாகச் சமக்குறிக்கு நேராக அடுக்கும்போது அது திணறும்.

டைப்ஸ்ட் பற்றியும் கேட்டார்கள். 2023-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட புதிய மென்பொருள், எழுத மிகவும் இலகு, வேகமும் அதிகம். பழகிய கை நம்மிடம் குறைவு. எங்களுக்கு இப்போது வேண்டாம்.

எடுத்த முடிவு

எழுதும் வடிவம் ஒன்று, படிக்கக் கொடுக்கும் வடிவம் வேறு. மூலம் லாடெக்கில் இருக்கும், இணையத்தில் போவது மேத்எம்எல். மாற்றும் வேலையைப் பிள்ளைகளின் போனில் செய்யாமல் எங்கள் கணினியிலேயே முன்கூட்டி முடித்து, ஆயத்தமான பக்கத்தைத்தான் ஏற்றுவோம். ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கான அர்ஜைவ் தளமும் 2023 டிசம்பரிலிருந்து லாடெக் கட்டுரைகளை இந்த மாதிரித்தான் எச்டிஎம்எல் பக்கமாகத் தருகிறது, லாடெக்எக்ஸ்எம்எல் என்ற கருவியைக் கொண்டு. அச்சுத் தாள் வேண்டுமென்றால் அதே மூலத்திலிருந்து பிடிஎஃப் வரும், ஆனால் அந்தப் பிடிஎஃப் அச்சுக்கு மட்டும்.

லாடெக் பொருளைச் சொல்வதில்லை என்ற குறையை எழுதும்போதே அடைக்க வேண்டும். எழுதியவருக்கு அன்று தெரிந்ததை ஆறு மாதம் கழித்து வேறு யாராலும் மீட்க முடியாது. அதனால் சில கட்டளைகளை நாங்களே வரையறுத்திருக்கிறோம்: தசம எண்ணுக்கு ஒன்று, வரைபடப் புள்ளிக்கு ஒன்று, திறந்த இடைவெளிக்கு ஒன்று, மூடிய இடைவெளிக்கு ஒன்று, நேர்மாறு சார்புக்கு ஒன்று. தாளில் புள்ளியும் திறந்த இடைவெளியும் ஒரே மாதிரி (2; 5) என்றுதான் அச்சாகும். கோப்பில் அவை வேறு வேறு பெயரோடு இருக்கும். இன்டென்ட் பழக்கத்துக்கு வரும் நாளில், கட்டளையின் வரையறையை ஒரே இடத்தில் மாற்றினால் எல்லாப் பாடத்துக்கும் அது போய்ச் சேரும். சென்னைப் பக்கம் ஒரு பதிப்பு வேண்டும் என்றால் தசமக் கட்டளையை மட்டும் மாற்றினால் காற்புள்ளி எல்லாம் புள்ளியாகிவிடும். கையால் 2,5 என்று தட்டி வைத்த கோப்பில் எது தசமம் எது பட்டியல் என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

அச்சுப் புத்தகத்திலிருந்து பார்வையற்ற பிள்ளைக்காகப் பக்கங்களை மாற்றித் தரலாமா என்ற தயக்கம் சிலருக்கு இருந்தது. பார்வையற்றோருக்கான பிளைண்ட் எஸ்ஏ அமைப்பு தொடுத்த வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2022 செப்டம்பர் 21 அன்று தீர்ப்புச் சொன்னது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக நூலை அணுகக்கூடிய வடிவத்துக்கு மாற்றப் பதிப்புரிமைக்காரரின் அனுமதி வேண்டும் என்று பழைய சட்டம் வைத்திருந்த நிலை அரசியலமைப்புக்கு முரணானது என்றது அந்தத் தீர்ப்பு. அந்தத் தயக்கம் இனி வேண்டாம்.

வரைபடங்களுக்கும் வடிவியல் படங்களுக்கும் இதில் எதுவும் விடையாகாது. பரவளைவின் படத்தைத் தொட்டு உணரும் தாளாகத்தான் தர வேண்டியிருக்கிறது, அது தனி வேலை. அப்புறம், பழைய வெள்ளைப்பலகைப் படங்கள். படத்திலிருந்து லாடெக் எடுத்துத் தரும் கருவிகள் இப்போது நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அவற்றுக்கும் எங்கள் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் பழக்கமில்லை, ஒவ்வொரு வரியையும் ஒரு மனிதர் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் சார்புகள் பாடத்தை மாற்றுகிறோம். புள்ளி, இடைவெளி, தசமம், நேர்மாறு எல்லாம் ஒன்றாக வந்து மோதுவது அங்கேதான், கட்டளைகளில் குறை இருந்தால் அங்கே தெரிந்துவிடும். அதற்கு அடுத்து நிதிக் கணக்கு, அதில் தசமம் கொட்டிக் கிடக்கிறது. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது இந்த இரண்டும் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். லாடெக் தெரிந்து, உதவ மனமும் உள்ளவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் சேர்ந்துகொள்ளலாம். தசமத்தை நேரடியாகத் தட்டாமல் அதற்கான கட்டளையிலேயே எழுத வேண்டும் என்பது ஒன்றைத்தான் கட்டாயமாகக் கேட்கிறோம்.